பாதி மாற்றிய ஆயில்

ஜூன் 2

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்கும் பத்தியை விட்டுவிடுகிறேன். நீங்கள் நலம் என்று எழுதினால் எனக்குக் கோபம் வரும். நலமில்லை என்று எழுதினால் அதற்கு நான்தான் காரணம் என்பீர்கள். போனில் பேசிவிடலாமே என்றாள் உங்கள் அத்தை. என் இடது காது எனக்கு முன்பே பணி ஓய்வு பெற்றுவிட்டது. தவிர, போனில் நீங்கள் 'ம்' என்று மட்டும் சொல்கிறீர்கள். நீதிபதி நாற்காலியில் தலை நரைத்தவன் நான். அதைச் சாட்சியமாகப் பதிவு செய்ய முடியாது.

விஷயம் இதுதான். உங்கள் மனைவி வருகிற பதினான்காம் தேதி, சனிக்கிழமை, உங்கள் வீட்டுக்கு வருகிறாள். உங்களைப் பார்க்க வருவதாக எண்ணிவிட வேண்டாம். பின்கட்டில் நிற்கும் அவளுடைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகத்தான் வருகிறாள். துறைமுக வேலை நடக்கும் இடத்தில் அவளைப் போன்ற நில அளவைக்காரர்களுக்குக் கொடுத்திருக்கும் ஜீப் பாதி நாள் ஒர்க் ஷாப்பில் கிடக்கிறதாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. வீட்டை விட்டுப் போன இந்த ஏழு மாதத்தில் என்னிடம் அவள் எதையுமே சொல்லவில்லை. அத்தையிடம் போனில் சொன்னாள். அத்தை அதை நேராக என்னிடம் சொல்லாமல் சமையலறையில் பாத்திரங்களிடம் சொன்னாள். நான் ஹாலில் இருந்தபடி கேட்டுக்கொண்டேன். வலது காது இன்னும் பணியில் இருக்கிறது.

வண்டி நெடுநாளாக நிற்கிறது. அவள் வருவதற்குள் அதன் ஆயிலையும் ஃபில்டரையும் நீங்கள் மாற்றி வைக்க வேண்டும். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. உங்கள் கையால், வீட்டிலேயே. நண்பர் ஒருவருடைய மகனின் வண்டிப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தேன். முதலில் இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும். சூட்டில் ஆயில் இளகும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் ஒரு பேசினை வைத்து, இன்ஜினின் அடி போல்ட்டைக் கழற்றினால் பழைய ஆயில் வடிந்துவிடும். பிறகு பக்கவாட்டு மூடியைத் திறந்து பழைய ஃபில்டரை எடுத்துப் புதியதை வைத்து, மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்த்துப் பொருத்தி, போல்ட்டை மாட்டி, மேலே புதிய ஆயிலை ஊற்ற வேண்டும். இதை நான் ஒருமுறைகூடச் செய்ததில்லை. கொலை வழக்குகளையும் அப்படித்தான் விசாரித்தேன்.

"இந்த வீட்ல நான் செஞ்சாத்தான் எதுவும் நடக்கும்" என்பது அவள் உங்கள்மீது வைத்த குற்றச்சாட்டு. அதை ஒரு மத்தியான வேலையில் பொய்யாக்க உங்களுக்கு வாய்ப்பு வந்திருக்கிறது. தவறவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்


ஜூன் 6

மாமாவுக்கு,

ஆயில் மாற்றும் முறையை எனக்கு விளக்கி எழுதியிருக்கிறீர்கள். என் தொழில் தங்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. மிக்ஸி, தண்ணீர் பம்பு, மோட்டார் சைக்கிள் முதலியவற்றோடு பெட்டிக்குள் வரும் கையேடுகளை மொழிபெயர்த்துத்தான் நான் சாப்பிடுகிறேன். 'பழைய எண்ணெய் முழுவதும் வடியும் வரை காத்திருக்கவும்' என்று நான் எழுதாத வருடம் கிடையாது. போல்ட்டைத்தான் தொட்டதில்லை.

அவள் தொட்டாள். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய வண்டி; என்னைவிட அதற்கு அவளோடு பழக்கம் அதிகம். சில மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமையில், பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் செய்தித்தாளை விரித்து, முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். நான் கதவு நிலையில் சாய்ந்து நிற்பேன். "நீங்க எழுதினதைப் படிச்சு ஊரே வண்டியைப் பிரிச்சுப் போடுது. நீங்க வந்து புனலையாவது பிடிங்களேன்" என்பாள். போய்ப் பிடிப்பேன்.

மாமா, தங்கள் மகள் சும்மா இருக்கும்போது பேச மாட்டாள். கையில் வேலை இருக்க வேண்டும். ஆயில் சொட்டுச் சொட்டாக வடிகிற அந்த நேரத்தில்தான் அவள் என்னோடு பேசியிருக்கிறாள். அலுவலகத்தில் யார் அவள் அளவுகளைத் திருத்தினார்கள் என்பது, கரு தங்காமல் போன அந்த வருடம், துறைமுக வேலைக்குப் பெயர் கொடுத்திருப்பது, எல்லாமே என்னை நிமிர்ந்து பார்க்காமல், போல்ட்டிடம் சொல்கிற மாதிரி சொன்னவை. "அங்க வந்தாலும் உங்களுக்கு ஒரு மேசை போதும்ல?" என்றுகூட அப்படித்தான் கேட்டாள். "பார்க்கலாம்" என்றேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நான் எல்லாவற்றையும் மாற்றித் துடைத்துப் பளபளவென்று வைத்தால் என்ன ஆகும்? வருவாள், சாவியைப் போடுவாள், "சரி, வரேன்" என்பாள். கேட்டுக்கு வெளியே ஹாரன்கூட அடிக்க மாட்டாள். மாற்றாமல் வைத்தால், பழைய ஆயிலோடு நெடுந்தூரம் போகிற ஆள் இல்லை அவள். முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். நான் புனல் பிடிப்பேன். நான் வருகிறேன், மேசையைக் கட்டிவிட்டேன், உன்னோடு வந்துவிடுகிறேன் என்று சொல்வேன். அதை வாசலில் நின்றுகொண்டு சொல்ல எனக்கு வராது.

ஆகவே ஆயிலை மாற்றுவதாக இல்லை. இந்த முறை நான் எதையும் செய்யாமல் இருப்பது திட்டமிட்டது என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எனக்குத் தாங்கள் செய்த பெரிய கெடுதல், எனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அவள் அப்பாவிடம் அழ வந்தாள். தாங்கள் எங்கள் இருவரையும் ஹாலில் எதிரெதிரே உட்காரவைத்து இரண்டு தரப்பையும் கேட்டீர்கள். "பார்க்கலாம் என்பது மறுப்பு ஆகாது" என்றீர்கள். அவள் எழுந்து "சரிங்க" என்றாள். அதற்கு முன் அவள் தங்களிடம் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

மருமகன்


ஜூன் 9

மாப்பிள்ளைக்கு,

என் தீர்ப்பை விமர்சிக்க உங்களுக்கு உரிமை உண்டு. மேல்முறையீட்டுக்கு வழியில்லை என்பதால் அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம். எப்படியும் உங்கள் அத்தை தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதை விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறாள். "பொண்ணு அழுதா தண்ணி குடுக்கணும். இந்த மனுஷன் வாய்தா குடுத்தாரு" என்று நேற்றும் குழம்புக் கரண்டியை வைத்துக்கொண்டு சொன்னாள்.

உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். பழைய ஆயிலோடு வண்டி ஓடாது என்று எந்தக் கையேட்டில் மொழிபெயர்த்தீர்கள்? ஓடும். கறுத்துப்போய், கனத்துப்போய் ஓடும். அவளுக்கு உங்கள் வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை என்றால் பழைய ஆயிலோடே கிக்கரை மிதித்துக் கிளம்பி, அடுத்த ஊரில் ஒரு மெக்கானிக்கிடம் மாற்றிக்கொள்வாள். உங்களுக்கு ஒரு மணி நேரமும் கிடைக்காது, நல்ல பெயரும் கிடைக்காது. மாற்றி வையுங்கள். இதுதான் என் முடிவான கருத்து.

இதுவரை எழுதியது மாமனாராக. இனி எழுதுவதை நீங்கள் படித்துவிட்டுக் கிழித்துவிட வேண்டும்.

துறைமுகத்துக்குப் போகிற நெடுஞ்சாலை எங்கள் தெருமுனையைத் தொட்டுக்கொண்டு போகிறது. வண்டியில் போனால் அவள் எங்களைக் கடந்துதான் போக வேண்டும். நிற்பாள் என்று நான் நம்பவில்லை. நிற்க ஒரு காரணம் இருந்தால் நிற்கலாம். உங்களுக்கு ஆயில் ஒரு காரணம் என்றால் எனக்கும் ஒன்று வேண்டாமா? செயின் சற்றுத் தளர்ந்திருந்தால் போதும் என்று அந்தப் புத்தகம் சொல்கிறது. ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓடிய பிறகு சத்தம் கொடுக்கும். எங்கள் ஊர் ஏறக்குறைய அந்தத் தூரத்தில் இருக்கிறது. ஸ்பேனர் செட் ஒன்று வாங்கி வாசல் அலமாரியில் வைத்திருக்கிறேன். பாப்பா நின்றால் தண்ணீராவது கொடுக்கலாம்.

ஒரு நீதிபதி குறை ஒன்றைக் கேட்டு வாங்குவது முறையல்ல. தெரிந்தே கேட்கிறேன்.

உங்கள் மாமனார்


ஜூன் 14, சனிக்கிழமை காலை

மாமாவுக்கு,

தாங்கள் சொன்னது சரி. பழைய ஆயிலோடு வண்டி ஓடும். இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆகவே அதில் ஆயிலே இருக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்தேன்.

பதற வேண்டாம். யோசித்துத்தான் செய்தேன். பாதியில் நிற்கிற வேலையைப் பார்த்தால் தங்கள் மகளுக்குக் கை சும்மா இருக்காது. பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா பட்டன் தைக்காமல் வைத்திருந்த சட்டையை ஒருமுறை இவள் வாங்கித் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் பாதியில் விட்டுவிட்டுப் போனது எனக்குத் தெரிந்து என்னை மட்டும்தான். பழைய ஆயில் வடிந்து, ஃபில்டர் வெளியே கிடக்க, வண்டி பாதி வேலையில் நின்றால் அவளால் கிளம்பவும் முடியாது, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. உட்காருவாள்.

நேற்று மத்தியானம் ஆரம்பித்தேன். இன்ஜினை ஓடவிட்டேன், அது ஒன்றும் கஷ்டமில்லை, ஞாயிற்றுக்கிழமைதோறும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் வைத்திருக்கிறேன். அதை அக்கறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சத்தம் இருந்தால் வீட்டில் ஆள் இருப்பது போல இருக்கும். அடி போல்ட் எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பதில் எனக்கும் அதற்கும் நெடுநேரம் கருத்து வேறுபாடு இருந்தது. கடைசியில் அது விட்டுக்கொடுத்தபோது ஆயில் பேசினுக்கு முன்னால் என் உள்ளங்கையில் விழுந்தது. 'சூடான எண்ணெய் தோலைச் சுடும், கவனம்' என்று எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன்.

தார் மாதிரி வந்தது. முழுக்க வடியும் வரை முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் கதவு நிலை தெரிகிறது. அங்கே சாய்ந்து நிற்கிறவன் எவ்வளவு உதவாக்கரையாகத் தெரிவான் என்பதும் தெரிகிறது.

ஃபில்டரில்தான் சிறு தடங்கல். வாங்கி வைத்திருந்த புதிய ஃபில்டர் உள்ளே போகவில்லை. கடைக்காரர் "வண்டி எந்த வருஷம் சார்?" என்று கேட்டபோது எனக்கு நினைவிருந்த ஒரே வருடம் கல்யாண வருடம், அதைச் சொல்லியிருந்தேன். வண்டி அதற்கு மூத்தது. இன்று காலை கடை திறந்ததும் மாற்றி வாங்கி வரப் போகிறேன். தூசி போகாமல் இருக்கப் பக்கவாட்டு மூடியை மாட்டி, போல்ட்டையும் போட்டு முறுக்கிவிட்டேன். ஒழுகிய இடத்தைத் துடைத்தேன். அவளுக்கு அழுக்குப் பிடிக்காது. துடைக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. இன்ஜின் முழுவதையும் துடைத்தேன். பழைய ஃபில்டரும் கறுப்பு ஆயில் பேசினும் செய்தித்தாள்மேல் அப்படியே இருக்கின்றன. புதிய ஆயில் டப்பா சமையலறையில். வண்டியைத் தார்ப்பாயால் மூடியிருக்கிறேன்.

செயினைத் தொடவில்லை. எது தளர்ச்சி, எது இறுக்கம் என்று எனக்குத் தெரியாது. அது தங்கள் அதிர்ஷ்டம்.

அவள் பஸ் வருவது பத்து மணிக்கு மேல். கடை ஒன்பதுக்குத் திறக்கும். இந்தக் கடிதத்தைப் போகிற வழியில் தபாலில் போடுகிறேன். என் மேசையிலிருந்த அகராதிகளை எல்லாம் பெட்டியில் கட்டியாயிற்று. இன்று சாயங்காலம் நான் எங்கே இருப்பேன் என்று எனக்கே தெரியாது. பல வருடங்களில் முதல் முறையாக அப்படித் தெரியாமல் இருக்கிறது.

மருமகன்


ஜூன் 15

மாப்பிள்ளைக்கு,

என்ன செய்தீர்கள்?

நேற்று விடிந்ததிலிருந்து உங்கள் அத்தை கேட்டைத் திறந்து வைத்திருந்தாள். நான் தெருமுனையில் இருக்கும் ஸ்டேஷனரிக் கடையில் பேனா வாங்கினேன். பிறகு மை வாங்கினேன். பிறகு கடைக்காரர் "உக்காருங்க ஐயா" என்று ஸ்டூல் போட்டுவிட்டார். சாலையில் போன மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் பார்த்தேன். பெண்கள் ஓட்டியவை சில, நிற்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் அத்தைக்குப் போன் வந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பேசியிருக்கிறாள். அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வண்டி வரலம்மா. பஸ்ல போறேன். அவர்கிட்ட சொல்லிடு, இனிமே நான் அங்க வரமாட்டேன்னு. என்னைப் போக விடாம வைக்கணும்னு நெனச்சிருந்தா, வாயால சொல்லியிருக்கலாம். இப்படிக் கொல்லப் பார்த்திருக்க வேண்டாம்."

கொல்ல என்ற சொல்லை நான் அத்தையிடம் மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள்.

அந்த பஸ்ஸும் எங்கள் தெருமுனை வழியாகத்தான் போகும். நான் கடைக்கு ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்கு எழுதுவது. பஸ்கள் வந்தன. ஜன்னல் கண்ணாடியில் வெயில் அடித்தால் உள்ளே இருப்பது யார் என்று தெரியாது. எல்லா பஸ்ஸுக்கும் கையை உயர்த்தினேன். நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைத்து ஒரு டிரைவர் நிறுத்தி, "எங்க பெரியவரே?" என்றார். இல்லை, போங்கள் என்றேன்.

வண்டிக்கு என்ன ஆயிற்று? உடனே எழுதுங்கள். தந்தி இருந்தால் தந்தி அடிக்கச் சொல்லியிருப்பேன். அத்தை போன் செய்தாள், நீங்கள் எடுக்கவில்லை.

உங்கள் மாமனார்


ஜூன் 17

மாமாவுக்கு,

போன் மணி அடித்தது கேட்டது. எடுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை. எழுதுகிறேன்.

கடைக்காரர் சரியான ஃபில்டரை உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார். அதோடு வீடு திரும்பியிருக்க வேண்டியவன், மூடிக்கான ரப்பர் வளையத்தையும் புதிதாகக் கேட்டேன். பழைய வளையத்தையே போட்டால் ஒழுகும் என்று கையேட்டில் எழுதியவன் நான். அவரிடம் இல்லை, குடோனுக்கு ஆள் அனுப்பினார். 'வளையம் இல்லாமலா கடை வைத்திருக்கிறீர்கள்' என்று அவரோடு வாதாடினேன். அங்கே உட்கார்ந்து வாதாடியபோது நான் மிகவும் பொறுப்பானவனாக உணர்ந்தேன்.

அவள் முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டாள்.

தையற்காரம்மா பார்த்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷினில் உட்கார்ந்திருந்தவர். அவர் சொன்னதை நான் மாற்றாமல் எழுதுகிறேன்.

"வந்ததும் உங்களைக் கேட்டாங்க. இப்பத்தான் வெளிய போனாருன்னேன். சரி இருக்கேன்னு பின்கட்டுல அந்த முக்காலியில உக்காந்தாங்க. ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க சார். தார்ப்பாயை எடுத்துப் பார்த்தாங்க. கறுப்பு எண்ணெய், பழைய சாமான் எல்லாம் கீழ கிடந்துச்சுல்ல, அதைப் பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டு, 'அக்கா, இது மெக்கானிக் வந்து பண்ணாரா?'ன்னாங்க. இல்லம்மா, நேத்துப் பூரா இவரேதான் எண்ணெயில குளிச்சாருன்னேன். சிரிச்சாங்க. 'பரவாயில்லையே, மாத்தி வெச்சிருக்காரே'ன்னாங்க. அப்புறமும் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. நீங்க வரல. வெயில் ஏறிடும்னு கெளம்பினாங்க. வந்தா சொல்லுங்கன்னாங்க."

என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "அது சொல்லலையே சார். வந்தா சொல்லுங்கன்னாங்க. அவ்ளோதான்" என்றார்.

எப்போதும் கிளம்புவதற்கு முன் ஆயில் அளவைக் குனிந்து பார்ப்பாள், மாமா. அன்று பார்க்கவில்லை. கீழே பழைய ஆயில் இருக்கிறது, பழைய ஃபில்டர் இருக்கிறது, இன்ஜின் துடைத்திருக்கிறது, போல்ட் முறுக்கியிருக்கிறது. வேறு எவன் வீடாக இருந்தாலும் பார்த்திருப்பாள். புருஷன் முதல் முறையாக ஒரு வேலையைச் செய்திருக்கிறான், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது.

நான் திரும்பி வந்தபோது தார்ப்பாய் நாலாக மடித்து முக்காலிமேல் இருந்தது. ஓடினேன். மர மில்லைத் தாண்டி மேட்டில் ஏறும் இடத்தில் வண்டி ஓரமாக நின்றது. சாலையில் பின் சக்கரம் இழுத்த கறுப்புக் கோடு, லாரிகள் போகிற பாதையிலிருந்து ஓரம் வரை. மில் வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள்: இன்ஜின் திடீரென்று இறுகியிருக்கிறது, பின்னால் லாரி வந்திருக்கிறது, அவள் கிளட்சை அழுத்தி, விழாமல் ஓரம் கட்டியிருக்கிறாள். பிறகு இறங்கி, அடி போல்ட்டைக் கையால் தொட்டுப் பார்த்து, அளவுக் கம்பியை எடுத்துத் துடைத்துப் பார்த்தாளாம். "கம்பியைப் பார்த்தப்புறம் அந்தம்மா ரோட்டோரத்துல உக்காந்துட்டாங்க" என்றார் ஒருவர். ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். சாவியும் வண்டியிலேயே இருந்தது.

மெக்கானிக் வந்து பார்த்தார். "பிஸ்டன் ஒட்டிக்கிச்சு சார். ஆயில் இல்லாம யாராவது ஓட்டுவாங்களா?" என்று என்னிடமே கேட்டார்.

ஒரு மணி நேரம் கேட்டேன். அதற்குக் குறையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அத்தையிடம் சொல்லி அவளுக்கு இதை எல்லாம் சொல்லச் சொல்லுங்கள். நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று மட்டுமாவது சொல்லச் சொல்லுங்கள். நான் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை.

மருமகன்


ஜூன் 22

மாப்பிள்ளைக்கு,

பதினான்காம் தேதிக் கடிதமும் பதினேழாம் தேதிக் கடிதமும் ஒரே தபாலில் வந்தன. தபால்காரர் தேதி பார்த்துக் கொடுப்பதில்லை; பிந்தியதைத்தான் முதலில் பிரித்தேன். அதன் பிறகு முந்தியதைப் படிப்பது எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் திறமை போதாது. அகராதிகளைப் பெட்டியில் கட்டிய பகுதியை அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை.

மற்றதை எல்லாம் அத்தை அவளிடம் சொன்னாள். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்:

"அன்னைக்கு ஆத்திரத்துல கொல்லப் பார்த்தார்னு சொல்லிட்டேன். அப்படி இல்லன்னு எனக்கே தெரியும்மா. அவர் வேணும்னு பண்ற ஆளா? எதையுமே வேணும்னு பண்ண மாட்டார். அதோடதான் இத்தனை வருஷம் இருந்தேன். நம்பி ஏறிட்டேன்மா. அதை நெனச்சாத்தான் அசிங்கமா இருக்கு."

"நீ இருந்துருக்கலாம்ல இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள் அத்தை.

"இருந்தேனே. எவ்ளோ நேரம் இருக்கணும்னு அவர் எங்கயும் எழுதி வெக்கலையே."

வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னாள். அங்கேயே வேறு வண்டி பார்த்துவிட்டாளாம். அந்த வீட்டில் அவளுக்கு எடுக்க வேண்டியது இனி எதுவும் இல்லையாம். இதை உங்களுக்கு எழுதுகிறேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. எழுதாமல் இருந்தால் நீங்கள் காத்திருப்பீர்கள் என்று தெரியும். அதனால் எழுதினேன்.

இன்ஜினில் ஆயில் இல்லாத வண்டியைப் பூட்டாமல், ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி ஒட்டாமல் வைத்துவிட்டுப் போனீர்கள். எழுதுவது ஒன்றுதான் உங்களுக்குத் தெரிந்த தொழில். கெட்ட எண்ணம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி நான் விடுதலை செய்த ஆட்கள் ஏராளம். அவர்களால் அடிபட்டவர்கள் அதற்குப் பிறகு எப்படி இருந்தார்கள் என்று நான் விசாரித்ததே இல்லை. அது என் அதிகார வரம்புக்குள் வராது என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் நான் போனை வாங்கி "பாப்பா" என்றேன். "டவர் இல்லப்பா, அப்புறம் பேசறேன்" என்றாள். அத்தையின் போனில் கோடுகள் முழுதாக இருந்தன. அப்பா என்று சொன்னாள் என்கிறாள் அத்தை. ஸ்பீக்கர் என் இடது பக்கம் இருந்தது. எனக்கு 'இல்ல' என்பது வரைதான் கேட்டது.

ஸ்பேனர் செட்டைக் கடையில் திருப்பி வாங்க மாட்டார்களாம். உங்களுக்கு வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்.

உங்கள் மாமனார்


ஜூலை 6

மாமாவுக்கு,

ஸ்பேனர் வேண்டாம். இங்கே அவளுடையது இருக்கிறது.

வண்டியைத் தள்ளு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே நிறுத்தியிருக்கிறேன். இரும்புக்காரர் வியாழக்கிழமை வந்தார். அடுத்த வாரம் வரச் சொன்னேன். "போன வாரமும் இதத்தான் சொன்னீங்க" என்றார். உண்மைதான்.

அகராதிகளைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். ஒரு துணி துவைக்கும் மெஷினின் கையேடு வந்திருக்கிறது, அவசர வேலை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பின்கட்டில் செய்தித்தாளை விரித்து முக்காலி போட்டு உட்கார்ந்தேன். பக்கவாட்டு மூடியைத் திறந்து, சரியான ஃபில்டரை வைத்தேன்; இந்த முறை சுலபமாக உள்ளே போனது. புதிய ரப்பர் வளையத்தை விரலால் தடவி, முறுக்கிக்கொள்ளாமல் அதன் பள்ளத்தில் உட்கார வைத்தேன். மூடியின் போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். அடி போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டேன். மேலே புனலை வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஆயிலை ஊற்றினேன். ஒருவராகச் செய்தால் கொஞ்சம் சிந்துகிறது. தேன் நிறத்தில் இருந்தது. அளவுக் கம்பியைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்தேன். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில், எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது.

தையற்காரம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "செத்த வண்டிக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்றார். பாதியில் நிற்கிறதே அம்மா என்றேன்.

கையேட்டில் கடைசியாக ஒரு படி இருக்கிறது. இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, போல்ட்டிலும் மூடியிலும் எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கிக்கரில் காலை வைத்து அழுத்தினேன். கல் மாதிரி நின்றது. அதனால் ஓடவிடாமலே பார்த்தேன். தரையில் கன்னம் படும்படி படுத்து, டார்ச் அடித்து, போல்ட்டைச் சுற்றி வெள்ளைத் துணியால் தடவிப் பார்த்தேன். சாயங்காலம் வரை அங்கேயே இருந்து மறுபடியும் தடவிப் பார்த்தேன்.

ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை, மாமா.

மருமகன்